மறுவாழ்வுச் சிகிச்சையின் பலனை எப்படி அளக்கிறார்கள்?

பக்கவாதத்துக்குப் பின் அப்பத்தாவின் பார்த்தெல் குறியீட்டு மதிப்பெண் 45-இலிருந்து 80-ஆக உயர்ந்தும், காரைக்குடி வீட்டில் முகப்பிலிருந்து வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, துணையின்றிப் போக முடியவில்லையே, அளவுகோல் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை, அது அளப்பது வேறு.

1965-இல் மகோனியும் பார்த்தெலும் வெளியிட்ட பார்த்தெல் குறியீடு, உண்ணுதல், குளித்தல், படியேறுதல் முதலான பத்து அன்றாடச் செயல்களுக்கு 100 வரை மதிப்பெண் தருகிறது. முழு 100 பெற்றவரும் தனியே வாழக்கூடியவர் என்று பொருளல்ல என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். பலரும் கவனிக்காத வரி அது.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்ற, ஒருவரின் செயல்பாட்டையும் இயலாமையையும் விவரிக்கும் ஐசிஎஃப் (ICF) வகைப்பாடு, சீரான சூழலில் ஒருவரால் இயலுவதையும் தம் சொந்தச் சூழலில் அவர் செய்வதையும் தனித்தனியே பதியச் சொல்கிறது. சமதளக் கூடத்தில் கைத்தடியோடு நடப்பவர், உயர்ந்த நிலைவாசற்படிக்கு முன்னும் ஈரம்பட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லின்மேலும் தயங்கி நிற்பது இந்த இடைவெளிதான். ஆகவே ஆய்வாளர்கள் இப்போது நோயாளியே தேர்ந்தெடுக்கும் இலக்குகளையும் அளக்கிறார்கள். அப்பத்தாவுக்கு அது பூஜையறை வரை செல்வதாக இருக்கலாம். சிகிச்சையாளரிடம் வாசற்படியின் உயரத்தை அளந்து சொல்லி, அதே உயரப் பலகையில் பயிற்சி கேளுங்கள். நிலையோரம் ஒரு கைப்பிடியும் பொருத்துங்கள்.