பழைய டைல்ஸ் மேலேயே புதிது ஒட்டலாமா?

கேள்வி: புரசைவாக்கத்தில் இரண்டாவது மாடி, பழைய ஃப்ளாட். குளியலறை 4க்கு 6 அடி. கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் தெரிகிறது. கையிருப்பு 40,000 ரூபாய். உடைக்காமல் பழைய டைல்ஸ் மேலேயே புதிது ஒட்டி, மூன்றே நாளில் முடிப்பதாகச் சொல்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா?

பதில்: தரைக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் இறங்கிவிட்டது. மேலே இன்னொரு அடுக்கு ஒட்டினால் கசிவு நிற்காது. தரைதான் அரை அங்குலத்துக்கு மேல் உயரும். பிறகு குளிக்கிற தண்ணீர் வாசற்படி தாண்டி வரும்.

முதலில் நாலைந்து நாள் அங்கே குளிக்காமல் இருங்கள். குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வை மட்டும் திறந்தே வையுங்கள். கீழே சொட்டுவது குறையவில்லை என்றால் குற்றவாளி சுவருக்குள் ஓடும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். அது எங்கே வளைகிறது என்று காட்டும் வரைபடத்தை பில்டர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர் கையில் கொடுப்பதில்லை. சுவரை உடைத்துத்தான் தேட வேண்டும், என்ன கொடுமை! தேடாதீர்கள். அந்தப் பழைய குழாயை அடைத்துவிட்டு, சுவருக்கு வெளியே சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாயைக் கிளாம்ப் போட்டு ஓட்டுங்கள். அழகு குறையும், பணம் மிஞ்சும்.

சொட்டுவது குறைந்தால் கோளாறு தரையில். பெரும்பாலும் நஹானி டிராப் (தரையில் தண்ணீர் வடியும் வாய்) குழாயோடு சேரும் ஜாயின்ட்தான். தரையையும் சுவரில் கீழ் ஓரடியையும் மட்டும் உடையுங்கள். சுத்தியலுக்கு முன் கட்டிங் மெஷினால் கோடு போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மேல்வரிசையும் ஆட்டம் காணும். டிராப்பை மாற்றி, மூலைகளைச் சிமென்ட் கலவையால் வளைத்துப் பூசி, இரண்டு பாகமாக வரும் பாலிமர் வாட்டர்புரூஃபிங்கை இரண்டு கோட் அடிக்க வேண்டும். இரண்டாவது கோட் குறுக்குவாட்டில். பாக்கெட்டில் சொன்ன நாள் காய்ந்ததும் டிராப்பை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் தேக்குங்கள். "ஆள் வேற சைட்டுக்குப் போயிடுவான் சார், நாளைக்கே ஒட்டிடலாம்" என்பார்கள். கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்காமல் அடுத்த தவணை கொடுக்காதீர்கள்.

சுவர் விஷயம் வேறு. அங்கே பழைய டைல்ஸை அப்படியே விடலாம், மேலே ஒட்டவும் செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். டொக்கு என்று சத்தம் வருவதை எடுத்துவிடுங்கள். மேலே ஒட்டுவதானால் பழைய பளபளப்பைத் தேய்த்துக் கொத்தி, டைல் அட்ஹெசிவ் என்ற பசைதான் போட வேண்டும். சிமென்ட் பால் பிடிக்காது. கதவு நிலையும் குழாய் வாயும் உள்ளே போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் பட்ஜெட்டுக்கு, டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி எபாக்ஸி கிரவுட் (தண்ணீர் இறங்காத பூச்சு) நிரப்பினாலே போதும்.

சாமான் வாங்க மேஸ்திரியோடு போகாதீர்கள். கடையில் அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில்தான் ஏறும். ஓரடிச் சதுர மேட் டைல்ஸ் 48, அட்ஹெசிவ் 20 கிலோ மூட்டை ஒன்று, வாட்டர்புரூஃபிங் சுமார் 6 கிலோ. எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண் (நிறச் சாயலின் எண்) ஒன்றாக இருக்கட்டும். இரண்டடி டைல்ஸைத் தலையில் கட்டுவார்கள். இவ்வளவு சின்னத் தரையில் அதை வைத்து வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) எடுக்க முடியாது. வாசலிலிருந்து டிராப் வரை ஆறடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறங்க வேண்டும்.

ரெயின் ஷவர் வேண்டாம். டேங்க் பத்தடி உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் அழுத்தம்தான், தூறல்கூட விழாது. வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றுவார்கள், அதையும் தடுங்கள். மிச்சமிருக்கும் சிமென்ட் இடுக்குகளை அது அரித்துவிடும்.