இரும்புக் கையும் இரண்டு உடலும்: லீஜன் இதழ்களை எப்படி வரிசைப்படுத்துவது?

கேள்வி: பழைய புத்தகக் கடையில் எதிர்காலத்து இளம் சூப்பர் ஹீரோக்கள் குழுவைப் பற்றிய 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' ஆங்கில காமிக்ஸ் இதழ்களும் சில தொகுப்புகளுமாகப் பதினான்கு கிடைத்தன. படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. ஒன்றில் குழுவின் வீரன் லைட்னிங் லேடுக்கு வலது கை உலோகம். இன்னொன்றில் இரண்டு கையும் சரியாக இருக்கிறது. மற்றொன்றில் அவன் பெயரே லைவ் வயர். சூப்பர்பாய், அதாவது சிறுவயது சூப்பர்மேன், சில இதழ்களில் அவர்களுடைய உயிர்த்தோழன். ஒன்றில் அவன் பேச்சே இல்லை, அந்த இடத்தில் வேறொருவன் நிற்கிறான். எதை முதலில் படிப்பது? இந்த முரண்களையெல்லாம் அச்சுப்பிழை, எழுத்தாளர் மறதி என்று தள்ளிவிடலாமா?

பதில்: தள்ளிவிடாதீர்கள். நீங்கள் முரண் என்று குறித்து வைத்தவற்றில் பாதி, அந்த இதழ் எந்தக் காலத்தது என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பதினான்கையும் ஒரே கதையின் அத்தியாயங்களாக எடுத்துக்கொண்டீர்கள். அவை ஒரே கதை அல்ல. ஆகவே வரிசைப்படுத்துவதற்கு முன்னால் பிரித்து அடுக்குங்கள்.

இந்தக் குழு முதலில் தலைகாட்டியது அட்வெஞ்சர் காமிக்ஸ் 247ஆம் இதழில், 1958 ஏப்ரல் தேதியிட்டு. ஓட்டோ பைண்டர் எழுத, அல் பிளாஸ்டினோ வரைந்தார். ஆயிரம் ஆண்டு தாண்டிய எதிர்காலத்திலிருந்து மூன்று பிள்ளைகள் சூப்பர்பாயின் ஊரான ஸ்மால்வில்லுக்கு வந்து, தங்கள் மன்றத்தில் சேர வா என்று அவனைக் கூப்பிடுகிறார்கள். அங்கே தொடங்கிய முதல் ஓட்டம் 1994 வரை நீள்கிறது. அந்த ஆண்டு 'ஜீரோ அவர்' என்ற கதை நிகழ்வோடு, இவற்றை வெளியிடும் டி.சி. நிறுவனம் பலகையைத் துடைத்துவிட்டு, அதே குழுவைப் பிறப்பிலிருந்து மறுபடி சொன்னது. 2004 கடைசியில் மார்க் வெய்டும் பேரி கிட்ஸனும் மூன்றாவது முறையாகத் தொடங்கினார்கள். 2007இலிருந்து முதல் ஓட்டத்தை ஒத்த குழு திரும்ப வந்தது. 2019இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதியது தனி. உங்கள் மேசையில் முதலில் இந்தக் குவியல்கள் விழ வேண்டும்.

அட்டையை மட்டும் பார்த்துப் பிரிக்கக் கூடாது. முதல் பக்கத்தின் அடியிலோ உள்ளட்டையிலோ பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். இதழின் முறையான பெயர், எண், மாதம் எல்லாம் அங்கேதான். அட்டைத் தேதி கடைக்கு வந்த நாள் அல்ல, இரண்டு மூன்று மாதம் முன்தள்ளிப் போடுவது வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. சூப்பர்பாயின் சொந்த இதழில் 1973இல் லீஜன் குடியேறியது. 1980 ஜனவரி 259ஆம் இதழில் சூப்பர்பாய் பெயர் நீங்கி, எண் மட்டும் தொடர்ந்தது. 1984 ஆகஸ்டில் உயர்ரகத் தாளில் புதிய 1ஆம் இதழ் வந்தபோது பழைய வரிசை நிற்கவில்லை. 314இலிருந்து 'டேல்ஸ் ஆஃப் தி லீஜன்' என்று பெயர் மாறி ஓடியது. 326ஆம் இதழிலிருந்து அது புதிய வரிசையின் கதைகளையே மலிவுத் தாளில் மறுபதிப்பாகத் தந்தது. எண் பெரிதாக இருப்பதால் பிந்திய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1984இல் கராத்தே கிட் செத்ததைப் படித்துவிட்டு, இதில் உயிரோடு இருக்கிறானே என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த மறுபதிப்பில்தான் இடறுகிறார்கள்.

லைவ் வயர் விஷயத்துக்கு வருவோம். 1994க்குப் பிந்தைய ஓட்டத்தில் லைட்னிங் லேட் லைவ் வயர் ஆனான். ட்ரிப்ளிகேட் கேர்ள் ட்ரையட், ஃபாண்டம் கேர்ள் அப்பாரிஷன், கொலாசல் பாய் லெவியாத்தன். காஸ்மிக் பாயும் சாட்டர்ன் கேர்ளும் பெயர் மாறவில்லை, அவர்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் லைவ் வயர் என்று கண்டதும் 1994 குவியலில் வீசிவிடவும் வேண்டாம். முதல் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அதே வீரர்களின் இளவயதுப் பிரதிகள் என்று ஒரு கூட்டம் கதைக்குள் நுழைந்தது. 1993இல் தொடங்கிய 'லீஜனேர்ஸ்' இதழில் இந்தப் புதுப்பெயர்களில் பல அவர்களுக்குத்தான் முதலில் சூட்டப்பட்டன. மாதத்தைப் பாருங்கள்: 1994 அக்டோபருக்கு முந்தியதென்றால் அது முதல் ஓட்டம்.

வெய்ட்-கிட்ஸன் ஓட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அதில் கொலாசல் பாய் பிறவியிலேயே ராட்சதன். நம் உயரத்துக்குச் சுருங்குவதுதான் தன் சக்தி என்றும், தன்னை மைக்ரோ லேட் என்று கூப்பிட வேண்டும் என்றும் சொல்வான்.

இனி இரும்புக் கை. இதை விரித்துச் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் நுணுக்கிப் படிப்பதன் பலன் இங்கேதான் கைமேல் கிடைக்கிறது. லைட்னிங் லேட் கையை இழப்பது அட்வெஞ்சர் 332இல், 1965 மே மாதம். கை திரும்புவது 351இல், 1966 டிசம்பர். ட்ரிப்ளிகேட் கேர்ளின் மூன்று உடல்களில் ஒன்றைக் கம்ப்யூட்டோ என்ற இயந்திரம் கொல்வது 340இல்; அதன் பிறகு அவள் டுவோ டாம்ஸல். ஃபெர்ரோ லேட் குழுவில் சேர்வது 346இல். ஜிம் ஷூட்டர் என்ற பள்ளிப் பையன் எழுதி அச்சேறிய முதல் லீஜன் கதை அது. 353இல் சூரியனை விழுங்க வரும் அரக்கனைத் தடுத்து ஃபெர்ரோ லேட் மாள்கிறான். இந்த ஐந்து ஆணிகளை அடித்துக்கொண்டால் அட்டை கிழிந்த இதழையும் இடம் சொல்லிவிடலாம். இரும்புக் கையும் மூன்று உடலும் சேர்ந்திருந்தால் 332க்கும் 340க்கும் நடுவில். இரும்புக் கை, இரண்டு உடல், கூடவே ஃபெர்ரோ லேட் நின்றால் 346க்கும் 351க்கும் நடுவில். பழைய நினைவாகச் சொல்லப்படும் கட்டங்களை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். பறக்கும் கருவியும் உதவும்: தொடக்க காலத்தில் இடுப்புப் பட்டை, பிறகு விரல் மோதிரம்.

ஆடை நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அக்கால வண்ண அச்சில் நிறம்தான் முதலில் தவறும். தொகுப்பு நூல்களில் மறுபடி வண்ணம் தீட்டியும் இருப்பார்கள்.

அடுத்தது, பிழையா இல்லையா என்பது. உண்மையான தடுமாற்றங்கள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் கதையில் காஸ்மிக் பாய் தன் காந்த சக்தி விசேஷ மருந்துகளால் வந்தது என்கிறான். பிறகு அது அவன் பிறந்த பிரால் கிரகத்தாருக்கே உரிய பிறவிச் சக்தி ஆகிவிடுகிறது. 1960இல் சூப்பர்கேர்ள் சந்திக்கும் குழுவினர், சூப்பர்பாயைக் கூப்பிட வந்தவர்களின் பிள்ளைகள் என்று சொல்லப்பட்டது; பின்னால் அந்தப் பேச்சு சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. தொடர் நீளும் என்று யாரும் எண்ணாத நாளில் எழுதியவை இவை. இங்கே பிற்காலக் கூற்றை ஏற்றுக்கொண்டு போகலாம்.

சில மாற்றங்களுக்குக் காரணம் கதைக்கு வெளியே இருக்கும். லீஜன் வீரன் பிரைனியாக் 5 அறிமுகமானபோது, சூப்பர்மேனின் எதிரியான வில்லன் பிரைனியாக்கின் நேர் வாரிசு. அப்போது பிரைனியாக் என்ற பெயரில் எட்மண்ட் பெர்க்லி என்பவர் தயாரித்த கணினிப் பயிற்சிப் பெட்டி ஒன்று விற்பனையில் இருந்தது. அதனால் 1964இல் சூப்பர்மேன் 167ஆம் இதழ், வில்லனை ஒரு கணினி என்றே அறிவித்தது. கணினிக்கு ஏது கொள்ளுப்பேரன்? அதே கதையில் வ்ரில் டாக்ஸ் என்ற சிறுவனை அவனுடைய மகனாக வைத்து, பிரைனியாக் 5 அந்தச் சிறுவனின் வழிவந்தவன் என்று முடிச்சுப் போட்டார்கள். உங்கள் இரு இதழ்கள் இந்த வம்சத்தில் மாறுபட்டால் இரண்டும் சரி. நடுவே 1964 இருக்கிறது.

சூப்பர்பாய் மறைந்ததும் அதே வகைதான், ஆனால் காயம் பெரிது. 1986இல் ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையைப் புதிதாக எழுதியபோது, அவன் சிறுவயதில் சூப்பர்பாயாக இருந்ததே இல்லை என்று ஆக்கினார். சூப்பர்பாயைப் பார்த்து உருவான குழுவுக்கு அடித்தளமே போயிற்று. 1987இல் லீஜன் எழுத்தாளர் பால் லெவிட்ஸும் பைர்னும் தத்தம் இதழ்களில் சேர்ந்து ஒரு விடை தந்தார்கள். டைம் டிராப்பர் என்ற எதிரி தனியாகச் சின்ன அண்டம் ஒன்றைச் செய்து, அதில் ஒரு ஸ்மால்வில்லை வைத்து, லீஜன் காலப்பயணம் போகும்போதெல்லாம் அங்கேயே திருப்பிவிட்டான். அவர்கள் பழகிய சூப்பர்பாய் அந்த அண்டத்துப் பையன். 1984இல் தொடங்கிய வரிசையின் 38ஆம் இதழில் அவன் உயிர்விடுகிறான். இவ்வளவு வலியோடு ஒரு ஓட்டையை அடைத்ததை நான் வேறு தொடரில் கண்டதில்லை. அந்த இதழ் உங்களிடம் இருந்தால் அவசரமில்லாமல் படியுங்கள். அந்த விடையும் நிலைக்கவில்லை. 1989இல் கீத் கிஃபனும் டாம், மேரி பியர்பாம் இணையரும் தொடங்கிய வரிசையில், முதல் சில இதழ்களுக்குள்ளேயே சூப்பர்பாயின் சுவடு முழுவதும் அழிக்கப்பட்டு, அந்த இடம் மோன்-எல் என்ற இன்னொரு லீஜன் வீரனுக்குப் போனது. சூப்பர்கேர்ள் இடத்தில் லாரல் கேண்ட் வந்தாள். நீங்கள் பார்த்த 'வேறொருவன்' பெரும்பாலும் மோன்-எல்தான். வேலர் என்ற பெயரிலும் வருவான்.

வேண்டுமென்றே விதைத்தவையும் உண்டு. 1967இல் அட்வெஞ்சர் 354, வளர்ந்த லீஜனைக் காட்டும்போது இறந்தவர்களின் சிலைகளை வரிசையாக நிறுத்தியது. அவர்களில் கெமிக்கல் கிங் என்று ஒருவன், ஏழாம் உலகப்போரைத் தடுத்து மாண்டவன் என்ற குறிப்போடு. அப்படி ஒரு பாத்திரம் அதுவரை கதையில் வந்ததே இல்லை! அடுத்த ஆண்டு வந்தான். 1977இல், சூப்பர்பாய் பெயரிலிருந்த பழைய வரிசையின் 228ஆம் இதழில் அதே போரைத் தடுத்து அப்படியே செத்தான். ஆனால் அங்கே ஷேடோ வுமன் என்ற பெயரில் சிலையாக நின்று, பிறகு கதைக்குள் வந்த ஷேடோ லாஸ் அந்தக் குறிப்பின்படி சாகவில்லை. எனவே அந்தச் சிலைகளை விதியாக எடுக்காமல், எழுத்தாளர்கள் விரும்பியபோது எடுத்தாண்ட வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டங்களின் பின்னணியில் கோடும் கோணமுமாகத் தெரியும் எழுத்துகளையும் தாண்டிப் போகாதீர்கள். அது இன்டர்லாக், அவர்களுடைய பொதுமொழி. ஆங்கில எழுத்துக்கு எழுத்து மாற்றிய வடிவம்தான். அட்டவணை ஒன்று எழுதி வைத்துக்கொண்டால் சுவரிலும் திரையிலும் உள்ளதை நீங்களே படித்துவிடலாம். 1989 வரிசையில் இது நிறையவே உண்டு.

ஒரு நோட்டில் இதழுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது மட்டும்: யார் நிற்கிறார்கள், எத்தனை உடல், கை எப்படி. வலப்பக்கம் பாத்திரங்கள் சொல்வது, யார் வாயால் என்ற குறிப்போடு. உங்கள் ஊகத்தைப் பென்சிலில் எழுதுங்கள். இதில் கண்டிப்பாக இருங்கள். 1963இல் செத்த லைட்னிங் லேடை உயிர்ப்பிக்க புரோட்டி என்ற வளர்ப்புப் பிராணி தன் உயிரைக் கொடுத்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, எழுந்தது அவன் உடல்தான், உள்ளே இருந்த மனம் புரோட்டியுடையது என்று எழுதினார்கள். பழைய இதழில் கண்டதையும் புதிய இதழ் அதற்குச் சொன்ன பொருளையும் ஒரே வரியில் எழுதி வைத்தவருக்கு, அந்த விளக்கம் 1994 ஓட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்பது பிடிபடாது.

உங்கள் குவியலைப் பொறுத்தவரை, இரும்புக் கை இதழை முதலில் எடுங்கள். பிறகு 1980களின் லெவிட்ஸ் இதழ்கள். பழைய வரிசையில் 290 முதல் 294 வரையிலான, டார்க்ஸைட் என்ற வில்லனின் கதை கையில் இருந்தால், டேக்ஸம் கிரகம் மோன்-எல்லின் ஊர் என்பதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள், அந்தக் கடைசி இதழின் கனம் அப்போதுதான் தெரியும். அதன்பின் 1984 வரிசையின் 37, 38, அப்புறம் 1989 வரிசை. லைவ் வயர் இதழ்களைத் தனியாக, இன்னொரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.