காற்றோடு போவதைக் கணக்கிடும் படிப்பு: மகளைச் சேர்க்கலாமா?

இயற்பியல் முடித்த மகள், வளிமண்டலத்தில் ட்ரேசர்கள் (காற்றோடு போகும் வாயுக்கள், துகள்கள்) பரவுவதை மாடலிங் செய்யும் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் துறை சிறியது, பொறுமை வேண்டும்.

ஒரு வாயுவோ துகளோ காற்றோடு எங்கே, எப்போது, எவ்வளவு போய்ச் சேரும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் வேலை. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய விமானங்களை நாள்கணக்கில் நிறுத்தியபோது அதன் பாதையைச் சொன்னவை இந்த மாடல்கள்தான். சாம்பலுக்கென்றே உலகில் 9 எச்சரிக்கை மையங்கள் இயங்குகின்றன. கணக்கைத் திருப்பியும் போடலாம்: அளவீட்டிலிருந்து பின்னோக்கிப் போய், வெளியிட்டது யார் என்று தேடுவது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் தடைசெய்யப்பட்ட சிஎஃப்சி-11 வாயுவின் வெளியேற்றம் கூடியதில் கணிசமான பங்கு கிழக்குச் சீனாவுடையது என்று 2019இல் காட்டியது இந்த வழிதான். பசுங்குடில் வாயுக்களுக்கும் இதே முறை பயன்படுவதால் இனி ஆள் தேவை கூடும் என்பது என் கணிப்பு.

சரி, மகளுக்கு இது ஒத்துவருமா? அவளையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளையமாக 100 கட்டங்கள், மாறாத காற்று, நடுவில் செவ்வக வடிவில் கொஞ்சம் ட்ரேசர். பைத்தானில் எளிய அப்விண்ட் முறையில் (காற்று வரும் பக்கத்துக் கட்டத்தை வைத்துக் கணக்கிடுவது) ஒரு சுற்று நகர்த்தினால் செவ்வகம் தட்டையாகிப் பரந்து கிடக்கும். சமன்பாட்டில் பரவலே கிடையாது. அது கணக்கு முறை புகுத்திய பரவல். இன்னும் துல்லியமான முறைக்கு மாறினால் செறிவு சில இடங்களில் சுழியத்துக்குக் கீழே போகும்! காலப்படியை, அதாவது கணக்கு ஒரு தடவையில் முன்னே தாவும் நேரத்தை, கூட்டி, ஒரே படியில் காற்று ஒரு கட்டத்தைத் தாண்டும்படி செய்தால் எண்கள் வெடித்துவிடும். 1928இலேயே கணித அறிஞர்கள் கூராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் சொன்ன வரம்பு அது. இதையெல்லாம் சரிசெய்யாமல் தூக்கம் வரவில்லை என்றால் துறை அவளுக்கானது. எரிச்சல்தான் வந்தது என்றால் அளவீட்டுப் பக்கம் போகலாம், அதுவும் நல்ல வேலைதான்.

பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், பாய்ம இயக்கவியல், லினக்ஸ் மூன்றும் கட்டாயம். ஃபோர்ட்ரான் நிரல்மொழியைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம், பெரிய மாடல்கள் பல இன்னும் அதில்தான் ஓடுகின்றன. காற்றோடு போவதன் பாதையைக் கணக்கிடும் ஹைஸ்பிளிட் என்ற மாடலைச் சாதாரணக் கணினியிலேயே ஓட்டிப் பழகலாம்.

காற்று மாசு ஆலோசனை நிறுவனங்களுக்கு முதுகலை போதும். ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டம் வேண்டும், அதன் பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்தப் பணிதான். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அப்புறம், சேருமுன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை: மாடலோடு ஒப்பிட அளவீட்டுத் தரவு இருக்கிறதா, பெரிய கணினியில் நேரம் கிடைக்குமா, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?