மோசின் நாகன்ட்: போல்ட் இறுகுவதற்குக் காரணம் சேம்பரில்தான்

இரண்டு தடவை துடைத்தும் மோசின் 91/30 (பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள்) துருப்பிடிக்காமலிருக்கப் பூசிவைத்த கிரீஸால் பிசுபிசுக்கிறது, நாலைந்து ரவுண்டு சுட்டதும் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும், கையால் இழுக்கும் உருளை) திறக்க மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. ரப்பர் சுத்தியல் எடுக்காத குறைதான்.

முதலில் துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு மரக் கட்டையைக் கழற்றி, உலோகப் பாகங்களை மினரல் ஸ்பிரிட்டில் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) ஊறவையுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பற்றிக்கொள்ளும். கொதிநீர் ஊற்றினாலும் கிரீஸ் உருகும், ஆனால் உடனே துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துரு வந்துவிடும்.

நீங்கள் விட்ட இடம் சேம்பர், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை, என்று நினைக்கிறேன். அங்கே காய்ந்த கிரீஸ் சூட்டில் இளகி, தோட்டாக் கூட்டைப் பசைபோலப் பிடித்துக்கொள்கிறது. 20 கேஜ் ஷாட்கன் குழல் துடைக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுழற்றுங்கள். எனக்கு முதல் துணி வெல்லப்பாகு நிறத்தில் வந்தது, ஏழாவதுதான் வெளுத்தது.

போல்ட்டையும் முழுசாகப் பிரியுங்கள். உள்ளே கிரீஸ் இருந்தால், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் மந்தமாகும். திரும்பப் பூட்டும்போது ஃபயரிங் பின் வெளியே நீளும் அளவை, துப்பாக்கியோடு வந்த திருப்புளியின் 75, 95 வெட்டுகளால் அளந்துகொள்ளுங்கள். 75 வெட்டில் அதன் நுனி இடிக்க வேண்டும், 95 வெட்டில் இடிக்கக் கூடாது.

கட்டையைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி வெயிலில் நிற்கும் காருக்குள் வையுங்கள். கசிவதைத் துடைத்துக்கொண்டே இருங்கள். ஆல்கஹால் மட்டும் தொடாதீர்கள், மேலே இருப்பது அரக்கு, கரைந்து போகும்.