எக்கோவில் ‘மாஸ்’ என்று எழுதியிருக்கிறதே, டாக்டர்?

மும்பையில் இதய ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. இதயத்திலேயே முளைக்கும் புற்றுநோய் மிக அபூர்வம். ஆனால் அந்தச் சந்தேகம் வந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. இந்த முறை வந்த கடிதங்களில் அதைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு 58 வயது. மூச்சு வாங்கியதால் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்தோம். ‘வலது ஏட்ரியத்தில் மாஸ்’ என்று ரிப்போர்ட். புற்றுநோய்தானா? (தாராவி வாசகி)

ஏட்ரியம் என்பது இதயத்தின் மேல் அறை. ‘மாஸ்’ என்ற சொல்லுக்கு, இருக்கக்கூடாத ஏதோ ஒன்று தெரிகிறது என்பது மட்டுமே பொருள். உறைந்த ரத்தமாக இருக்கலாம், சாதாரணக் கட்டியாக இருக்கலாம், வேறு உறுப்பிலிருந்து பரவியதாக இருக்கலாம். சில சமயம் கட்டியே இருக்காது. வலது ஏட்ரியத்தின் உள்சுவரில் கிரிஸ்டா டெர்மினாலிஸ் என்று ஒரு தசை வரப்பு எல்லோருக்கும் உண்டு. அது கொஞ்சம் தடித்திருந்தால் எக்கோவில் கட்டி போலவே தெரியும்.

இதயத்தில் தோன்றும் கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று புற்று அல்ல. பெரியவர்களிடம் அதிகம் பார்ப்பது மிக்ஸோமா என்ற புற்றல்லாத கட்டி. அது பெரும்பாலும் இடது ஏட்ரியத்தில், நடுச்சுவரிலிருந்து காம்பு விட்டுத் தொங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும். எங்களைக் கவலைப்பட வைப்பது வேறு ஜாதி: வலது பக்கம், காம்பில்லாமல் அகலமாக ஒட்டியிருப்பது, 5 செ.மீ.க்கு மேல் வளர்ந்தது, சுவரைத் துளைத்துப் பக்கத்து அறைக்கோ வால்வுக்கோ போனது, இதய உறையில் நீர் கோத்தது. அப்பாவின் ரிப்போர்ட்டில் இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த வாரமே இதய எம்.ஆர்.ஐ. எடுங்கள். இல்லாவிட்டாலும் எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

எக்கோவிலேயே தெரிந்துவிட்டதே, எதற்கு எம்.ஆர்.ஐ., சி.டி. என்று அலைக்கழிக்கிறார்கள்? (மாட்டுங்கா வாசகர்)

அலைச்சலும் செலவும் எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. கட்டி எப்படி அசைகிறது, வால்வை அடைக்கிறதா என்பதை எக்கோ நன்றாகக் காட்டும். அது எதனால் ஆனது என்பதை எம்.ஆர்.ஐ.தான் சொல்லும். கொழுப்பா, நீரா, கசிந்த ரத்தமா என்று பிரித்துக் காட்டும். காடோலினியம் என்ற சாய ஊசி போட்டதும் இன்னும் தெளியும். உறைந்த ரத்தத்துக்குள் ரத்தக்குழாய் கிடையாது, ஆகவே சாயம் ஏறாமல் கறுப்பாகவே கிடக்கும். கட்டிக்குள் சாயம் ஏறும். பெரியவர்களுக்கு இதயத்தில் வரும் சார்கோமாக்களில் (தசை, ரத்தக்குழாய் போன்ற திசுக்களில் பிறக்கும் புற்றுகளில்) முதலிடம் ஆஞ்ஜியோசார்கோமாவுக்கு. அது ரத்தக்குழாய்ச் செல்களிலிருந்தே பிறப்பது. அதனால் சாயத்தை வாங்கிக்கொண்டு, உள்ளே ரத்தம் கசிந்த இடங்களோடு திட்டுத் திட்டாகத் தெரியும். சி.டி. எதற்கென்றால், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா, இதயத்துக்கே ரத்தம் தரும் கொரோனரி ரத்தக்குழாயைக் கட்டி சுற்றியிருக்கிறதா என்று அறுவை நிபுணருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பல சென்டர்களில் எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் கட்டளை இந்தியில்தான் வரும். தமிழ் மட்டும் தெரிந்த அம்மாக்கள் பயத்தில் தவறான நேரத்தில் மூச்சு விட, படம் கலங்கிப்போகிறது. ‘சாஸ் லோ’ என்றால் மூச்சை இழு, ‘சாஸ் ரோகோ’ என்றால் பிடித்து வை, ‘சாஸ் சோடோ’ என்றால் விடு. முந்தின நாள் வீட்டில் பழக்கிக் கூட்டிப்போங்கள்.

பெட் (PET) ஸ்கேனுக்கு முந்தின நாள் சோறு, இட்லி எதுவும் கூடாது என்கிறார்கள். அவ்வளவு அவசியமா? (செம்பூர் வாசகி)

மிக அவசியம். ஊசியில் போவது கதிரியக்கம் சேர்த்த ஒரு வகை சர்க்கரை. புற்றுச் செல் அதை ஆவலாக இழுக்கும். வயிற்றில் மாவுச்சத்து இருந்தால் இதயத் தசையும் அதே சர்க்கரையை இழுக்கும். இதயம் முழுக்க ஒளிர்ந்து, கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். மாவுச்சத்தை நிறுத்திக் கொழுப்பு கொடுத்தால் தசை கொழுப்பை எரிக்கத் தொடங்கும். ஆகவே முட்டை, பனீர், மசாலா மாவு தடவாமல் பொரித்த மீன், நெய். இட்லி, தோசை, சோறு, உருளைக்கிழங்கு, பழம், சர்க்கரை போட்ட டீ வேண்டாம். பிறகு சென்டர் சொன்ன நேரம் வரை பட்டினி, தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை, இன்சுலின் பற்றித் தாங்களாக முடிவெடுக்காமல் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இதய உறையிலிருந்து எடுத்த நீரில் புற்றுச் செல் இல்லையாம். நிம்மதியாக இருக்கலாமா? (ஆன்டாப் ஹில் வாசகர்)

இப்போதைக்கு முடியாது. ஆஞ்ஜியோசார்கோமா இருப்பவர்களுக்கும் அந்த நீர்ப் பரிசோதனை பலமுறை ‘இல்லை’ என்றே வரும். நீரில் ரத்தம் கலந்திருந்தாலோ, எடுத்த பின் மறுபடி சேர்ந்தாலோ எம்.ஆர்.ஐ. கட்டாயம்.

பயாப்சி (கட்டியிலிருந்து துளி திசு எடுத்துப் பரிசோதிப்பது) செய்தால் புற்று பரவிவிடும் என்கிறார் மாமா.

அந்தப் பயத்தில் பயாப்சியைத் தள்ளிப்போட்டால் சிகிச்சையே தாமதமாகும். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதை வைத்து நான் சந்தேகத்தைத்தான் எழுதுவேன். நோயின் பெயரைத் திசுதான் சொல்ல வேண்டும். நிணநீர்ச் செல்களின் புற்றான லிம்ஃபோமாவும் வலது பக்கத்தில் சார்கோமா மாதிரியே உட்காரும். அதற்கு முக்கிய சிகிச்சை கீமோ, நன்றாகவே கரையும். திசு பார்க்காமல் நெஞ்சைத் திறந்துவிட்டால் அந்த அறுவையே வீண். எங்கே ஊசி விடுவது என்று காட்டத்தான் ஸ்கேன்.

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையைக் கொண்டுபோங்கள். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்கள் சாய ஊசிக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கருத்துக்கு ஃபிலிமை போட்டோ எடுத்து அனுப்பலாமா? (தாராவி வாசகர்)

வேண்டாம். இதயம் துடிக்கும் உறுப்பு, அதன் எம்.ஆர்.ஐ.யில் பாதி வீடியோ. ஃபிலிமில் அசைவு வராது. சென்டரில் டைகாம் (DICOM, ஸ்கேன் படங்களின் மூல வடிவம்) ஃபைல்களாக பென் டிரைவில் கேளுங்கள். பரேலில் கே.இ.எம். மருத்துவமனையும் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையும் அருகருகே இருக்கின்றன. இதய மருத்துவர், புற்றுநோய் மருத்துவர் இருவரிடமும் ஒரே பென் டிரைவைக் காட்டலாம். சென்டரை விட்டுக் கிளம்பும் முன் கவுன்டரிலேயே அது திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.