பால்ரூம், லத்தீன் நடனப் பயிற்சிக்குச் சுடிதார் போதுமா, தனி உடை வேண்டுமா?

நீங்களும் உங்கள் கணவரும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாரந்தோறும் கோவைக்குச் சென்று பால்ரூம், லத்தீன் எனும் ஜோடி நடனங்களைக் கற்கத் தொடங்கியிருப்பதாகவும், வழக்கமாக உடுத்தும் சுடிதாரிலேயே பயிற்சி செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தையல் தொழில் செய்பவள். இதே நடனங்களைச் சில ஆண்டுகளாகக் கற்றும் வருகிறேன். ஆகவே துணி வெட்டுபவள் என்ற முறையிலும் ஆடுபவள் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன்.

தொளதொளவென்று இருந்தால்தான் வசதி என்பது நம் ஊரின் பொதுவான எண்ணம். வீட்டு வேலைக்கு அது சரியே. ஜோடி நடனத்தில் உங்கள் உடையின் மேல் இன்னொருவரின் கை இருக்கிறது, உங்கள் பாவாடையை ஒட்டி அவருடைய கால் நகர்கிறது. மிகுதியாகத் தொங்கும் துணி உங்கள் இருவருக்குமே இடைஞ்சல். உடம்போடு ஒட்டி, அசைவோடு இழுபடும் உடையே இங்கே வசதியானது. சுடிதாரில் தொடங்குவதில் தவறில்லை. துப்பட்டாவை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஆடுங்கள். ஆனால் எந்தச் சுடிதார் என்பதைப் பார்க்க வேண்டும்.

சர்வதேச முறையில் வால்ட்ஸ், டேங்கோ, வியன்னீஸ் வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப் ஆகிய 5 நடனங்களும் ஸ்டாண்டர்டு வகை, பால்ரூம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். சாம்பா, சா சா சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஆகிய 5 நடனங்களும் லத்தீன் வகை. முதல் வகையில் உடையின் சோதனை கையிலும் முதுகிலும் நடக்கிறது. இரண்டாவதில் இடுப்பிலும் முழங்காலிலும் நடக்கிறது.

ஸ்டாண்டர்டு வகையில் பாட்டு முடியும் வரை இருவரின் முழங்கைகளும் ஏறக்குறைய தோள் உயரத்திலேயே நிற்கும். வாங்குவதற்கு முன் கண்ணாடி முன் நின்று அப்படியே கையைத் தூக்கிப் பாருங்கள். மேலாடையின் ஓரம் இரண்டு அங்குலம் மேலே ஏறினால் அந்த ஆடை வேண்டாம். கைக்குழி இறக்கமாக இருந்தால் தாராளமாக இருக்கும் என்று பலரும் தையல்காரரிடம் இறக்கி வெட்டச் சொல்கிறார்கள். உண்மையில் கைக்குழி இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது முழு ஆடையும் சேர்ந்து மேலே வரும். அக்குளுக்கு நெருக்கமாக, சிறிதாக வெட்டிய கைக்குழிதான் கையை விடுதலையாக உயர விடும். ஏற்கெனவே தைத்த ஆடையாக இருந்தால் அக்குளில் சாய்சதுரமாக ஒரு சிறு துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், பெருமளவு சரியாகிவிடும். போட்டிகளில் ஆண்கள் அணியும், பின்பக்கம் நீண்டு தொங்கும் வால் கோட்டுகளையும் கைகளை உயர்த்தி நிற்கச் செய்தே அளவு பார்த்துத் தைக்கிறார்கள். அதனால்தான் ஆடும்போது அவற்றின் தோள்பட்டை மேலே எழும்புவதில்லை.

அடுத்தது முதுகு. ஆணின் வலது கை உங்கள் இடது தோள்பட்டை எலும்பின் மேல் அமரும். நம் சுடிதார்களில் ஜிப்பும், நாடா முடிச்சும், அதில் தொங்கும் குஞ்சலமும் அந்த இடத்தை ஒட்டியே இருக்கின்றன. முடிச்சின் மேல் கை வைத்திருப்பவருக்கு உங்கள் முதுகு திரும்புவது சரியாகத் தெரியாது. உங்களுக்கோ அது குத்திக்கொண்டே இருக்கும். ஆகவே பின்பக்கம் எதுவுமே இல்லாத, தலைவழியாகப் போடும் மேலாடையே நல்லது. ஜரிகை, பாசி, ஜமிக்கி வைத்த துணிகளை இதே காரணத்துக்காகத் தவிருங்கள். தாலிச்சங்கிலியைக் கழற்ற வேண்டியதில்லை. கழுத்து உயர்ந்த மேலாடைக்குள் போட்டுக்கொண்டால் அவருடைய சட்டைப் பொத்தானில் சிக்காது.

பாவாடை விஷயத்தில் இறக்கம்தான் முக்கியம். ஸ்டாண்டர்டு நடனங்களில் பெண் பெரும்பாலும் பின்னோக்கி அடி வைக்கிறாள். தரையைத் தொடும் பாவாடையாக இருந்தால் தன் குதிகாலாலேயே ஓரத்தை மிதித்துவிடுவாள். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும். சுற்றளவு மட்டும் தாராளமாக இருக்க வேண்டும். குறுகலான பாவாடை நீள அடி வைக்க விடாது. அம்பரெல்லா கட் அல்லது எட்டுத் துண்டுப் பாவாடை, இடுப்பில் அகலமான எலாஸ்டிக், உள்ளே லெக்கின்ஸ், இவை போதும்.

லத்தீனுக்கு இதே பாவாடை உதவாது. ரும்பாவில் இடுப்பை வேண்டுமென்றே ஆட்டுவதில்லை. எடை ஏறிய காலின் முழங்கால் நேராகும்போது இடுப்பு தானாகவே நகர்கிறது. முழங்கால் நேராகிறதா என்பதைப் பயிற்றுநர் கண்ணால் பார்த்தால்தான் திருத்த முடியும். பாட்டியாலா சல்வாரும் பலாஸோவும் அதை முழுவதுமாக மறைத்துவிடுகின்றன. லெக்கின்ஸும் முழங்கால் வரை வரும் பாவாடையும், அல்லது இடுப்பில் நின்று கீழே சற்றே விரியும் பேன்ட்டும் அணியுங்கள். நம் பக்கத்துப் பெண்களுக்கு இதில் கூச்சம் வருவது இயல்பு. லெக்கின்ஸுக்கு மேலே தொடைவரை வரும் டாப் போட்டுக்கொண்டாலும் முழங்கால் நன்றாகவே தெரியும். அதற்கு மேல் யாரும் உங்களை வற்புறுத்தத் தேவையில்லை.

துணியைப் பொறுத்தவரை, பருத்திதான் எல்லாவற்றுக்கும் சிறந்தது என்ற நம்பிக்கையை இங்கே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வறண்ட சூட்டில் பருத்தி இதமாகவே இருக்கும். ஜூனில் மழை தொடங்கியதும் வேர்வையைக் குடித்த பருத்தி காயாது, கனக்கும், தொடையிடுக்கில் உரசிப் புண்ணாக்கும், முதுகில் இருக்கும் கையையும் வழுக்கச் செய்யும். எனவே மேலாடைக்கு 95 விழுக்காடு பருத்தியும் 5 விழுக்காடு லைக்ரா என்னும் இழுபடும் இழையும் கலந்த பனியன் துணி, மழைக்காலத்துக்கு விளையாட்டு உடைகளில் வரும் மெல்லிய பாலியெஸ்டர், பாவாடைக்கு விரைவில் உலரும் கிரேப் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விஸ்கோஸ் லைக்ரா அழகாக விழும், ஆனால் நாளடைவில் இறக்கம் இழுபட்டு நீளும். அரை அங்குலம் குறைத்தே தையுங்கள். திருப்பூர் அருகிலேயே இருப்பதால் இந்தப் பனியன் துணிகள் நமக்கு எளிதில் கிடைக்கின்றன. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு மேலாடைகள் எடுத்துச் சென்று நடுவில் ஒருமுறை மாற்றிக்கொள்வது துணைவருக்குச் செய்யும் மரியாதை.

உங்கள் கணவருக்கு ஜீன்ஸ் வேண்டாம். லைக்ரா கலந்த சாதாரண பேன்ட், உள்ளே பனியன், கால்சட்டைக்குள் நன்றாகச் செருகிய சட்டை போதும். பேன்ட் பையில் சாவி, செல்போன் இருக்கக் கூடாது. ஸ்டாண்டர்டு நடனங்களில் ஒருவரை ஒருவர் பிடித்து நிற்கும் நிலையில் உடல்கள் ஒட்டி நிற்பதால் பெல்ட்டின் பக்கிள் உங்களைத்தான் குத்தும். பெல்ட் இல்லாமல் நிற்கும் பேன்ட் நல்லது.

தனியாகப் பணம் போட்டு வாங்க வேண்டியது என்று கேட்டால், நான் முதலில் காலணியைத்தான் சொல்வேன். ரப்பர் அடியுள்ள ஷூ டைல்ஸ் தரையைப் பிடித்துக்கொள்ளும். உடல் திரும்பும்போது பாதம் திரும்பாது, அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். உடைப் பிழையால் ஆட்டம் கெடும், காலணிப் பிழையால் மூட்டு கெடும். நடனக் காலணிகளின் அடியில் சொரசொரப்பான ஸ்வேட் தோல் இருக்கும். பெண்களின் லத்தீன் காலணியில் குதி பெரும்பாலும் 2.5 அங்குலம் வரும், தொடக்கத்தில் 1.5 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அகலமான குதியாகவும் பாருங்கள். உடனே வாங்க இயலாவிட்டால், காலைக் கச்சிதமாகப் பிடிக்கும் பழைய ஷூ ஒன்றைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடியில் ஸ்வேட் ஒட்டச் சொல்லலாம். அந்த ஷூவோடு தெருவில் நடக்காதீர்கள், நனைய விடாதீர்கள். பையில் கொண்டுபோய் வகுப்பறையில் மாற்றிக்கொள்ளுங்கள். தூசி படிந்து அடிப்பாகம் வழவழப்பாகிவிட்டால் கம்பி பிரஷால் ஒரே திசையில் தேய்த்தால் மீண்டும் பிடிப்பு வரும்.