மகளின் யூரோவிஷன் கனவுக்கு 3,000 பிராங் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

சுவிட்சர்லாந்தில் வாழும் ஒரு தாய் கேட்டது:

“இருபது வருடமாக இங்கே இருக்கிறோம். மகளுக்கு 16 வயது, இங்கேயே பிறந்தவள். சி அனுமதி (நிரந்தர வதிவிட அனுமதி) இருக்கிறது, சுவிஸ் கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம் படிக்கிறாள். கீபோர்டில் அமர்ந்து சொந்தமாகவும் பாட்டு எழுதுகிறாள், ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும், நடுவில் தமிழிலும். நாட்டுக்கு ஒரு பாட்டு என்று வருடந்தோறும் நடக்கும் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் சுவிஸுக்காகப் பாட வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு கலைவிழாவில் சந்தித்தவர், 3,000 பிராங் தந்தால் தெரிவுக் குழுவில் அவள் பெயரைச் சேர்த்து விடுவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? கடவுச்சீட்டு இல்லாமல் முடியுமா? தமிழில் பாட விடுவார்களா? தம்பி மிருதங்கம் வாசிக்கிறான், அவனையும் மேடையில் சேர்க்க முடியுமா?”

சகோதரி, பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் விற்பதாகச் சொல்லும் பொருள் அவர் கையில் இல்லை, அவ்வளவுதான். ஏன் என்று புரிய, சுவிஸ் தன் பாட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

யூரோவிஷனுக்குப் பாட்டு அனுப்புவது அரசாங்கம் இல்லை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தில் உறுப்பினராக உள்ள பொது ஒளிபரப்பு நிறுவனம்தான் அனுப்பும். சுவிஸில் அது எஸ்ஆர்ஜி. நீங்கள் வீட்டில் பார்க்கும் எஸ்ஆர்எஃப், பிரெஞ்சு மொழி ஆர்டிஎஸ், இத்தாலிய ஆர்எஸ்ஐ, ரோமன்ஷ் ஆர்டிஆர் எல்லாம் அதன் கிளைகள். 2011 முதல் 2018 வரை தொலைக்காட்சியில் ஒரு தேர்வு நிகழ்ச்சி வைத்து, மக்கள் வாக்கையும் கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2015 தொடங்கி நான்கு வருடம் தொடர்ந்து அரையிறுதியிலேயே சுவிஸ் வெளியேறியது. அதற்குப் பிறகு முறையை அடியோடு மாற்றினார்கள். 2019 முதல் எல்லாம் மூடிய கதவுக்குள்தான். பார்வையாளர்களிலிருந்து தெரிந்தெடுத்த 100 பேர் கொண்ட குழு ஒன்று, வெவ்வேறு நாடுகளில் யூரோவிஷன் நடுவராக இருந்தவர்கள் சுமார் இருபது பேர் கொண்ட குழு ஒன்று. இரண்டும் பல சுற்றுகளில் கேட்டுப் புள்ளி போடுகின்றன. வந்து சேரும் பாட்டுகளோ நூற்றுக்கணக்கில். நூறு பேர் ஒருபக்கம், வெளிநாட்டு நடுவர்கள் மறுபக்கம் என்று இருக்கும்போது, இடையில் நிற்கும் ஒருவர் ஒரு பெயரைச் செருக வழியே இல்லை.

இந்த மாற்றம் பலன் கொடுத்தது. 2019இல் லூகா ஹென்னி நான்காவது இடம். 2021இல் ஜோன்ஸ் டியர்ஸ் 432 புள்ளிகளோடு மூன்றாவது. இவர் கொசோவோ, அல்பேனியப் பின்புலமுள்ள குடும்பத்துப் பிள்ளை. பியேல் நகரத்து நெமோ 2024இல் ஸ்வீடனின் மல்மோவில் 591 புள்ளிகள் பெற்று வென்றார். வென்ற நாடுதான் அடுத்த போட்டியை நடத்தும், அதனால்தான் 2025 போட்டி பாசெலுக்கு வந்தது. 1956இல் லுகானோவில் நடந்த முதல் போட்டி, 1988இல் டப்ளின், அப்புறம் 2024 என்று சுவிஸுக்கு இதுவரை மூன்று வெற்றிகள்.

கடவுச்சீட்டுக் கேள்விக்கு அந்த 1988தான் பதில். அன்று சுவிஸுக்காகப் பாடியவர் செலின் டியோன், 20 வயதுக் கனடியப் பெண். 137க்கு 136 என்று ஒரே ஒரு புள்ளியில் பிரிட்டனை முந்தினார். அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் துருக்கியில் பிறந்து சுவிஸில் குடியேறிய அத்திலா ஷெரெஃப்து. வரிகள் எழுதியவர் சுவிஸின் திச்சினோ மாநிலத்து நெல்லா மார்த்தினெத்தி. 2005இல் எஸ்தோனியாவிலிருந்து ஒரு பெண்கள் இசைக்குழுவையே அழைத்து வந்து அனுப்பினார்கள், எட்டாவது இடம் கிடைத்தது. பாடகருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று ஒன்றியத்தின் விதியில் கிடையாது. ஆனால் ஒவ்வொரு நாட்டு நிறுவனமும் தன் பங்குக்கு நிபந்தனை சேர்த்துக்கொள்ளலாம், அது வருடத்துக்கு வருடம் மாறும். அழைப்பு வரும்போது எஸ்ஆர்ஜி வெளியிடும் நிபந்தனைத் தாளை வரிக்கு வரி படியுங்கள். உங்கள் மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு இது பெரிய தடையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயதும் தடையில்லை, போட்டி நடக்கும்போது 16 நிரம்பியிருந்தால் ஒன்றியத்துக்குப் போதும்.

சரி, தடை எங்கே இருக்கிறது? பாட்டில்தான். இந்தப் போட்டியில் புள்ளி விழுவது பாட்டுக்கு. குரல் அதைச் சுமந்து வருகிறது. நம் பிள்ளைகள் கீர்த்தனை பாடியும் சினிமாப் பாட்டு பாடியும் பரிசு வாங்கி வளர்ந்தவர்கள். இங்கே அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. புதிதாக எழுதியதாக இருக்க வேண்டும், மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, போட்டிக்கு முந்தின வருடம் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் வணிக ரீதியாக வெளிவந்திருக்கவும் கூடாது. அதனால் மகள் எழுதியதில் ‘இது நன்றாக வந்திருக்கிறது’ என்று படும் பாட்டை அவசரப்பட்டு இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். மற்றவற்றைத் தாராளமாக ஏற்றட்டும்.

அண்மைய சுவிஸ் பாட்டுகள் எப்படிப் பிறந்தன என்று பாருங்கள். சூரிச்சுக்குப் பக்கத்தில் மௌர் என்ற ஊரில் ஒரு ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது. இசைக்கான காப்புரிமைச் சங்கமான சூயிசா அங்கே பாடலாசிரியர் முகாம் நடத்துகிறது. முன்பின் தெரியாத மூன்று நான்கு பேரை ஓர் அறையில் உட்கார வைப்பார்கள், அன்று மாலைக்குள் ஒரு பாட்டு வர வேண்டும். நெமோவின் வெற்றிப் பாட்டு அப்படி உருவானதுதான், நெமோவோடு இன்னும் மூன்று பேரின் கை அதில் இருக்கிறது. 2023இல் போன ரெமோ ஃபோரரோ, வேறு மூன்று பேர் எழுதிய பாட்டைப் பாடினார். அவர் ஏற்கெனவே தொலைக்காட்சிக் குரல் போட்டியில் வென்று பெயர் எடுத்தவர்.

ஆக, இரண்டு வழி. பாடகியாகப் பெயர் எடுத்துவிட்டு, யாராவது பாட்டோடு வரும்வரை காத்திருப்பது ஒன்று. எழுதுகிறவளாக வளர்ந்து தன் பாட்டோடு உள்ளே போவது மற்றது. கீபோர்டில் தானே பாட்டுக் கட்டும் பிள்ளைக்கு இரண்டாவதுதான் என் சிபாரிசு. இந்த வருடமே விண்ணப்பிக்க வேண்டும் என்று ஓடாதீர்கள். பள்ளியிலோ நகரத்து இசைப்பள்ளியிலோ பாட்டு எழுதும் வேறு பிள்ளைகள், ஒலிப்பதிவு தெரிந்த யாராவது ஒருவர், இவர்களோடு சேர்ந்து வேலை செய்யப் பழகட்டும். கர்நாடக சங்கீதத்தில் குருவுக்கு முன் தனியாக உட்கார்ந்து கற்ற பிள்ளைக்கு, தன் வரியை இன்னொருவர் மாற்றுவதைப் பொறுத்துக்கொள்வது முதலில் கஷ்டமாக இருக்கும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதி தூரம் கடந்த மாதிரி.

தமிழில் பாடலாமா? தாராளமாக. 1999 முதல் மொழிக் கட்டுப்பாடு இல்லை. 2016இல் உக்ரைனின் ஜமாலா பல்லவியைக் கிரிமியத் தாத்தார் மொழியில் பாடி வென்றார். 2019இல் நோர்வே, வடபகுதிப் பழங்குடியினரான சாமி மக்களின் யோய்க் என்ற மரபுப் பாடலை நடுவில் வைத்து, மக்கள் வாக்கில் முதலிடமே பிடித்தது. சுவிஸும் 1989இல் ரோமன்ஷ் மொழியில் பாடியிருக்கிறது. உக்ரைன், நோர்வே இரண்டின் கதையிலும் அந்த மொழி ஒட்டவைத்த அலங்காரமாக இல்லை, பாட்டின் உயிரே அங்கேதான் இருந்தது. ஜமாலா பாடியது தன் கொள்ளுப்பாட்டியின் நாடுகடத்தலை. உங்கள் மகளுக்கும் ஒரு வரி தமிழில்தான் வருகிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடட்டும். வித்தியாசமாகத் தெரிய வேண்டுமே என்று ஒரு ஆலாபனையைச் செருகினால், அந்த நூறு பேரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். யூரோவிஷன் இறுதிப் போட்டியில் புள்ளிகள் நடுவர்களிடமிருந்தும் மக்கள் வாக்கிலிருந்தும் வரும். 2022இல் மாரியஸ் பேர் 78 புள்ளி வாங்கினார், 2025இல் பாசெல் மேடையில் ஸோயி மே 214 புள்ளி வாங்கினார். இருவருக்கும் அத்தனையும் நடுவர்கள் போட்டவை, மக்கள் வாக்கிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. இரண்டுமே அழகான, அமைதியான பாட்டுகள். மக்கள் வாக்கில் ஒவ்வொரு நாடும் முதல் பத்துப் பாட்டுகளுக்கு மட்டும் புள்ளி தரும். எல்லா நாட்டிலும் பதினொன்றாவதாக வந்தால் கிடைப்பது பூஜ்யம். எல்லாருக்கும் ஓரளவு பிடித்த பாட்டு அங்கே தோற்றுவிடுகிறது; சிலருக்கு உயிராகப் பிடித்த பாட்டு புள்ளி வாங்கிவிடுகிறது. சுவிஸின் தேர்வு முறை முதல் வகைப் பாட்டுக்குக் கொஞ்சம் சாய்கிறது என்பது என் எண்ணம். ஸோயி மே அந்த இரவு எவ்வளவு நன்றாகப் பாடினார் என்பதைப் பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பூஜ்யம் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

‘சொந்தக்காரர் எல்லாரும் வாக்குப் போடுவார்கள்’ என்ற கணக்கும் வேண்டாம். சுவிஸ் தொலைபேசியிலிருந்து சுவிஸுக்கு வாக்களிக்க முடியாது. யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் சென்னையிலும் இருப்பவர்கள் 2023 முதல் இணையத்தில் வாக்களிக்கலாம். ஆனால் போட்டியில் இல்லாத அத்தனை நாடுகளின் வாக்கும் சேர்ந்து ஒரே ஒரு நாட்டின் கணக்காகத்தான் எண்ணப்படும்.

தம்பியின் மிருதங்கத்துக்கு வருகிறேன். மேடையில் அதிகபட்சம் ஆறு பேர். முதன்மைக் குரல் நேரடியாக ஒலிக்க வேண்டும், வாத்தியங்கள் முழுக்க ஒலிப்பதிவு. அவன் மேடையில் உட்காரலாம், அவனுக்கும் 16 ஆகியிருந்தால். ஆனால் அவன் விரலிலிருந்து வரும் சத்தம் அரங்கத்துக்குக் கேட்காது. ஒலிப்பதிவில் அவனே வாசிக்கட்டும். அந்த வாசிப்பை உலகம் கேட்கும், வயதுக் கட்டுப்பாடும் அதற்கு இல்லை.

இப்போதைக்கு வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வையுங்கள். மகள் யாரோடாவது சேர்ந்து ஒரு பாட்டை முடித்தால், அன்றைக்கே தேதி போட்டு, வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரும் போட வேண்டும். பின்னாளில் சூயிசாவில் பாட்டைப் பதியும்போது முதலில் கேட்கப்படுவது இந்தப் பங்கு விவரம்தான்.